தாசில்தார் வீட்டு வைஃபை பெட்டி

கடையநல்லூரில் ஓய்வுபெற்ற தாசில்தார் நல்லசிவம் வீட்டு மதிலில் காக்காகூட அனுமதி கேட்டுத்தான் கத்தும். ஆயுத பூசைக்கு மறுநாள் அவர் வீட்டு வைஃபை படுத்துவிட்டது. இன்டர்நெட் கம்பெனிக்குப் புகார் பறந்தது. லைன்மேன் பேச்சிமுத்துவோடு அவன் மேலதிகாரியும் ஓடி வந்தார்.

"என் வீட்ல ஒரு விரல்கூட அந்தப் பெட்டியைத் தொடல. இவன் இழுத்த லைன்தான் மோசம். வேலையை விட்டுத் தூக்குங்க!"

"யாரும் தொடலைன்னா தப்பு உன்னுதுதான். நாளையிலிருந்து வராதே" என்றார் அதிகாரி.

பேச்சிமுத்து வயரைக் கழற்றிப் பார்த்திருந்தான். முனையில் சந்தனம். காட்டினால், நீயே தடவினாய் என்று சொல்லிவிடுவார் தாசில்தார். அதனால் பணிவாகக் கேட்டான்.

"போறேங்கய்யா. இந்த வருசம் ஐயா வீட்ல ஆயுத பூசையே நடக்கலையாமே? தெருவுல பேசிக்கிடுதாவ."

தாசில்தாருக்கு மீசை துடித்தது.

"எவம்லே சொன்னான்? அருவாமனையில இருந்து இந்தப் பெட்டி வரைக்கும் குளிப்பாட்டி, ஓட்டை ஓட்டையா என் கையாலயே சந்தனம் அடைச்சேம்லே!"

அதிகாரி பெட்டியைக் கவிழ்த்தார். தண்ணீர் சொட்டியது. சிரிப்பை அடக்கிக்கொண்டு, "காலையில வழக்கம்போல வேலைக்கு வாப்பா" என்றார்.

பேச்சிமுத்து கைகட்டியே சொன்னான்: "லைன்லயும் குறையில்ல, ஐயா பக்தியிலயும் குறையில்ல. புதுப் பெட்டிக்குக் குளியல் மட்டும் வேண்டாங்கய்யா."