மஞ்சள் கூரையின் இரண்டு தூண்கள்

திருச்சியில் பல் செட் செய்யும் செலினுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் வேறு வேலை. தன் பட்டறை மாடியில் ஏழெட்டுப் பேருக்குப் பிளாஸ்டிக் பொம்மைக் கார் கட்டக் கற்றுக்கொடுப்பார். துண்டு துண்டாகப் பெட்டியில் வருவதை ஒட்டி, வண்ணம் அடித்து, நிஜக் கார் மாதிரியே ஆக்க வேண்டும். அவருக்கு வயது முப்பத்தெட்டு. மாணவர்களில் மூத்தவர் மாசிலாமணிக்கு அறுபத்தாறு. அவரும் செலினை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்.

மாசிலாமணி சென்னையில் டாக்சி ஓட்டியவர். இதுவரை கட்டி முடித்தது ஒரே ஒரு கார். கறுப்பு உடம்பு, மஞ்சள் கூரை. அவர் ஓட்டிய அதே வண்டி.

அதைப் பேரனுக்குக் காட்டுவதாக, வகுப்பில் எதிர் நாற்காலியில் உட்காரும் பக்கிரிசாமி வாங்கிப் போனார். செருப்புப் பெட்டியில் வைத்துத் திருப்பித் தந்தபோது, கூரையைத் தாங்கும் முன் தூண்களில் ஒன்று முறிந்திருந்தது. கேட்டதற்கு, வாங்கும்போதே அப்படித்தான் இருந்தது என்றார். அன்றோடு இருவருக்கும் பேச்சு இல்லை. இரண்டு வருடம் ஆகிறது.

இப்போது பள்ளிக்கூட மண்டபத்தில் பொம்மைக் கார் கண்காட்சி வருகிறது. உடைந்த கார்களை மேசையில் வைக்க மாட்டார்கள். மாசிலாமணி காரை எடுத்துக்கொண்டு செலினிடம் வந்தார்.

"ஒட்டணும் டீச்சர். ஆனா ஒட்டின இடம் வெளியே தெரியணும்."

"எதுக்கு ஐயா?"

"பார்க்கிறவங்க கேட்கணும். யார் உடைச்சதுன்னு நான் சொல்லணும்."

எதிரே பக்கிரிசாமி சக்கரத்துக்கு வண்ணம் அடித்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கவில்லை. காது மட்டும் இந்தப் பக்கம் இருந்தது.

முறிவு எங்கே என்று செலின் கேட்டார். மாசிலாமணி வழக்கம்போலக் கூரையைக் கட்டைவிரலால் நெம்பினார். வாய் பிளப்பது போல முறிவு திறந்தது. வீட்டுக்கு வந்த சொந்தக்காரர்கள், கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர், எல்லோருக்கும் அப்படித்தான் திறந்து காட்டியிருக்கிறார்.

டிக் என்று ஒரு சத்தம். பக்கத்துத் தூணும் போனது.

பக்கிரிசாமிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இருமுவது போலச் சமாளித்தார்.

செலின் புதிய முறிவை லென்சுக்கு அடியில் வைத்து மாசிலாமணியைப் பார்க்கச் சொன்னார். முறிந்த முனை முழுக்கப் பால் போல வெளுத்திருந்தது.

"அடிக்கடி வளைச்சா பிளாஸ்டிக் இப்படி வெளுக்கும். இது இன்னிக்கு உடைஞ்சது இல்லை ஐயா. எத்தனை பேருக்குக் காட்டினீங்க?"

மாசிலாமணி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார்.

வெறும் பசை போதாதா என்று பிறகு கேட்டார்.

"பசை ஒட்டும். தாங்காது."

பல் செட்டுக்கு வைத்திருந்த மெல்லிய துளைக்கருவியால் ஒவ்வொரு முனையிலும் மயிரிழை அளவு துளை போட்டார் செலின். ஊசிக் கம்பியை நறுக்கி உள்ளே செருகினார். ஒரு சொட்டுப் பசை. இனி கால் மணி நேரம் கூரை அசையக் கூடாது. மாசிலாமணி இரண்டு கையாலும் காரின் உடம்பைப் பிடித்துக்கொண்டார். கூரையைப் பிடிக்க இன்னொரு கை வேண்டும்.

செலின் எதிர் நாற்காலியைப் பார்த்தார். பக்கிரிசாமி கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்து, இரண்டு விரலால் மஞ்சள் கூரையைப் பிடித்தார். இரண்டு பேரும் சுவரில் தொங்கிய காலண்டரையே கால் மணி நேரம் பார்த்தார்கள். ஒரு தடவை மாசிலாமணிக்குத் தும்மல் வந்தது. கூரை அசையவில்லை.

பசை இறுகியது. செலின் காரைத் திருப்பிப் பார்த்துவிட்டு மேசையில் வைத்தார். இரண்டு தூண்களிலும் ஒரே மாதிரி மெல்லிய கோடு. பட்டி பூசித் தேய்த்து வண்ணம் அடித்தால் மறைந்துவிடும்.

"டீச்சர், ஒட்டின இடம் தெரியணும்னு சொல்லியிருந்தேன்" என்றார் மாசிலாமணி. குரலில் முன்பிருந்த வேகம் இல்லை.

"கோட்டை அப்படியே விட்டுடலாம் ஐயா. ஒரு தூண்லயா, ரெண்டுலயுமா?"

மாசிலாமணி காரைப் பார்த்தார். பட்டி டப்பாவைத் தேடினார். அது பக்கிரிசாமியின் முழங்கைக்குப் பக்கத்தில் இருந்தது.

காலண்டரைப் பார்த்துக்கொண்டே, "யோவ், அதை இப்படித் தள்ளு" என்றார்.