காராயி சொன்ன சாட்சி

முகிலங்காட்டில் யானைகள்தான் சாட்சி. எந்த மரம் யாருடையது, எந்தச் சுனை யாருக்கு, போன கோடையில் யார் யாரை அடித்தார்கள் என்று எந்த வழக்கு வந்தாலும் ஒரு யானையைக் கூப்பிடுவார்கள். யானை ஒரு பிடி மண்ணை அள்ளித் தன் தலையில் போட்டுச் சத்தியம் செய்துவிட்டுச் சொல்லும். அதற்கு மேல் யாரும் பேச மாட்டார்கள். அந்தக் காட்டு யானைகள் எதையும் லேசில் மறப்பதில்லை. பொய் சொன்னதும் இல்லை.

யானைகளுக்குள் இன்னொரு வழக்கமும் உண்டு. அதிகம் நினைவு வைத்திருப்பவள் கூட்டத்துக்கு முன்னால் நடப்பாள். நினைவு மங்கியவள் கடைசியில் நடப்பாள். காராயி என்ற பெரிய யானை பல கோடைகளாக முன்னால் நடந்துகொண்டிருந்தாள்.

ஒரு நாள் கொறடன் என்ற காட்டுப்பன்றி தன் கூட்டத்தோடு வந்து மான்களின் சுனையைப் பிடித்துக்கொண்டான். "இது எங்க பாட்டன் காலத்துச் சுனை!" என்று உறுமினான். மருதி என்ற மான் கரடியாரிடம் ஓடி முறையிட்டாள். கரடியார்தான் அந்தக் காட்டு நீதிபதி. தேனடையை நக்கிக்கொண்டே வழக்குக் கேட்பார்.

"நாளைக்குக் காராயியைக் கூட்டி வாங்க! அவ சொன்னா முடிஞ்சது!" என்றார்.

அன்று மாலையே கொறடன் காராயியைத் தேடி வந்தான்.

"அக்கா! உன் மக மின்னிக்கு இப்பத்தானே குட்டி பிறந்திருக்கு? பால் சரியா இல்லையாமே?"

"ஆமாம். அதுக்கென்ன இப்போ?"

"ஆத்தோரத்து மூங்கில் குருத்தையெல்லாம் நாங்கதானே தோண்டித் தின்னுடறோம். இனிமே தொட மாட்டோம். மின்னியே தின்னட்டும்!"

"அதுக்கு நான் பொய் சொல்லணுமா? மண்ணைத் தலையில போட்டுக்கிட்டு?" காராயி காதை விசிறினாள்.

"ஐயையோ! உன்னைப் போய்ப் பொய் சொல்லச் சொல்வேனா? ஞாபகம் இல்லைன்னு மட்டும் சொல்லு. வயசாச்சு, நினைவு மங்கிப்போச்சு. அவ்வளவுதான்! இதுல பொய் எங்கே இருக்கு?"

காராயி யோசித்தாள். மான்கள் தலைமுறை தலைமுறையாக அங்கேதான் நீர் குடித்தன. மருதி பிறந்ததே அந்தச் சுனைக் கரையில்தான். காராயி கண்ணால் பார்த்திருக்கிறாள். ஆனால் பேரக்குட்டி வற்றிய காம்பைச் சப்பிச் சப்பி அழுவதையும் அவள்தானே பார்க்கிறாள்!

மறுநாள் காடே கூடியது. காராயி மண்ணை அள்ளித் தலையில் போட்டுக்கொண்டாள்.

"சொல்லுங்க பெரியம்மா! சுனை யாருது?" என்றாள் மருதி. அவள் குரலில் பயமே இல்லை. யானை அல்லவா சொல்லப்போகிறது!

"எனக்கு... ஞாபகம் இல்லை. வயசாயிருச்சு. எல்லாம் மங்கலாத் தெரியுது."

"பெரியம்மா! என் முகத்தைப் பாருங்க!"

காராயி பக்கத்தில் இருந்த மரத்தைப் பார்த்தாள்.

"சாட்சி இல்லை. இருக்கிறவனுக்கே சுனை!" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுக் கரடியார் தேனடைக்குத் திரும்பினார். மான்கள் தண்ணீர் தேடிப் போயின. மருதியின் குட்டிகள் போகிற வழியிலேயே நா வறண்டு செத்தன. கொறடன் சேற்றில் புரண்டு கொழுத்தான். நியாயம் இவ்வளவு மலிவாக விலைபோகும் என்று அவனே எதிர்பார்க்கவில்லை.

மின்னி குருத்து தின்றாள். பால் ஊறியது. 'நம்ம குட்டி பிழைச்சுதே' என்று காராயி மனதைத் தேற்றிக்கொண்டாள்.

ஆனால் யானைக் கூட்டம் தன் வழக்கத்தை விடுமா? "நினைவு மங்கிருச்சுன்னு நீயே சொல்லிட்டியே, அம்மா! நீ கடைசியில வா. முன்னால நான் நடக்கிறேன்" என்றாள் மின்னி. அன்பாகத்தான் சொன்னாள். காராயிக்கு மெல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. பின்னால் போனாள்.

அந்த ஆண்டு மழை ஏமாற்றியது. கூட்டம் மலைக்கு அப்பால் இருந்த ஆற்றைத் தேடி நடந்தது. ஓரிடத்தில் பாதை இரண்டாகப் பிரிந்தது. மின்னி கிட்டத்துப் பாதையில் திரும்பினாள். அதைப் பார்த்ததும் காராயி பின்னாலிருந்து கத்தினாள்.

"நில்லுடி மின்னி! அங்கே மனுஷங்க வெட்டின குழி இருக்கு! மேலே கொடி மூடியிருக்கும்! என் அக்கா அதுலதான் விழுந்தா!"

"உனக்குத்தான் எதுவும் ஞாபகம் இல்லையே, அம்மா!"

"இருக்குடி! எல்லாம் இருக்கு! அன்னைக்கு உனக்காகத்தான் பொய் சொன்னேன்!"

கூட்டமே நின்றுவிட்டது.

"தலையில மண்ணைப் போட்டுக்கிட்டா பொய் சொன்னே?" என்று கேட்டாள் மின்னி.

"ஆமாம்!"

"மண்ணைப் போட்டுக்கிட்டுச் சொன்னதே பொய்னா, இப்ப சும்மா சொல்றதை எப்படி நம்புறது? மறுபடி முன்னால நடக்கணும்னு ஆசை வந்திருச்சா? குட்டிக்குத் தாகம், அம்மா! சுத்திப் போக நேரமில்லை!"

மின்னி நடந்தாள். காராயி முண்டியடித்துக்கொண்டு ஓடினாள். கடைசியில் நிற்பவளுக்கு முன்னால்தான் எத்தனை உடம்புகள்! அவள் பாதி தூரம் வருவதற்குள் கொடிகள் பிய்கிற சத்தம் கேட்டது.

குழி ஆழம். மின்னியின் முன்னங்கால்கள் ஒடிந்துவிட்டன. எல்லோரும் தும்பிக்கையை நீட்டிப் பார்த்தார்கள், எட்டவில்லை. மின்னி கொஞ்ச நேரம் பிளிறினாள். பிறகு முனகினாள். பிறகு அதுவும் இல்லை.

"அம்மா ஏன் எழுந்திருக்கலை?" என்று குட்டி காராயியிடம் கேட்டது. காராயிக்குப் பதில் தெரியும். குட்டியைத் தும்பிக்கையால் இழுத்துக் குழியிலிருந்து தள்ளி நிறுத்தினாள்.

சாட்சி சொல்ல வேண்டிய இடத்தில் உண்மையை மறைத்தவரின் சொல், சொந்தப் பிள்ளையைக் காப்பாற்றக் கத்தும்போதுகூட எடுபடாது.