மொண்ணைக்குளத்தில் கடைந்த போலிங் கட்டை

மொண்ணைக்குளம் எங்கே இருக்கிறது என்று கேட்டால் மேற்கத்தி ஊர்க்காரன் கிழக்கே கையைக் காட்டுவான். கிழக்கத்தி ஊர்க்காரன் மேற்கே காட்டுவான். என் ஊருக்குப் பக்கத்தில்தான் என்று ஒப்புக்கொள்ள ஒருத்தனுக்கும் மனசு வராது. மலையடிவாரத்தில் இருக்கிறது என்பதோடு விட்டுவிடலாம்.

அந்த ஊரில் பலவேசம் மரக்கடைசல் பட்டறை வைத்திருந்தான். கூட்டாளிகள் பூதத்தான், கொம்பையா. பிள்ளைகள் விளையாடும் செப்புச் சாமான், பம்பரம், தொட்டில் கட்டை எல்லாம் கடைவார்கள். கைவேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. பம்பரம் கேட்டால் பம்பரம் கிடைக்கும். "நல்லா சுத்துற பம்பரமாக் கொடுங்க" என்று கேட்டால்தான் வினை. சுற்றிக்கொண்டிருக்கும்போதே கையில் கொடுப்பதா, நின்ற பிறகு கொடுப்பதா என்று மூன்று பேரும் உட்கார்ந்து பேசி முடிவெடுக்கிற வரைக்கும் வந்தவர் வெயிலில் நிற்க வேண்டும்.

மலைக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட். அங்கே வெள்ளைக்காரன் விட்டுப்போன கிளப். கிளப்புக்குள் ஒரு போலிங் கூடம். நீளமான பலகைத் தரையின் ஒரு கோடியில், பாட்டில் மாதிரி கழுத்து சிறுத்த மரக்கட்டைகள் பத்தை நிறுத்தியிருப்பார்கள். மறுகோடியிலிருந்து பூசணிக்காய்ப் பருமனில் ஒரு பந்தை உருட்டிவிட்டு அத்தனையையும் சாய்க்க வேண்டும். சாய்த்தவருக்குக் கைதட்டு. சாய்ந்த கட்டைக்குப் பிளவு. பிளந்த கட்டைக்குப் பதில் புதுக்கட்டை கடைந்து கொடுப்பதுதான் பலவேசத்தின் பட்டறைக்குச் சோறு போட்டது.

ஒருநாள் காலையில் கிளப் செக்ரட்டரி தங்கதுரை ஜீப்பில் வந்து இறங்கினார். ஒரு சாக்கை அவிழ்த்துப் பட்டறை நடுவில் கொட்டினார். சிராயும் சில்லுமாக விழுந்தது.

"என்னய்யா இது?"

பலவேசம் குனிந்து பார்த்தான். "விறகு."

"நீ கடைஞ்ச கட்டைய்யா!"

"இருக்காதே. நாங்க கொடுக்கும்போது இப்படி இல்லையே. யாரோ உடைச்சிருக்காங்கய்யா."

செக்ரட்டரி கண்ணை மூடித் திறந்தார். "சித்திரை ஒண்ணாம் தேதி பக்கத்து எஸ்டேட்காரனோட போட்டி. அன்னைக்கு ஒத்தைக் கட்டை உடைஞ்சாலும் சரி, பிளாஸ்டிக் கட்டைக்கு பெங்களூருக்குச் சொல்லி அனுப்பிடுவேன். அப்புறம் உனக்கும் கிளப்புக்கும் பேச்சே இல்லை. ஏன் உடையுதுன்னு முதல்ல அந்தக் கட்டையைக் கேளுய்யா!"

ஜீப் போன புழுதி அடங்குவதற்குள் பலவேசத்தின் பெண்டாட்டி கோமதி பட்டறை வாசலில் வந்து நின்றாள்.

"கேட்டுக்கிட்டுதான் இருந்தேன். இந்த வேலையும் போச்சுன்னா நேரா எங்க அண்ணன் கடைக்கு மாவு பிசையப் போயிரணும். இப்பவே சொல்லிட்டேன்."

பலவேசம் பேய்க்குப் பயப்படாதவன், பாம்புக்குப் பயப்படாதவன், மச்சான் மாடக்கண்ணுவின் பரோட்டாக் கடைக்குப் பயந்தான். அங்கே போனால் ஊர் பார்க்க, "மாப்ள, இன்னும் அழுத்திப் பிசைங்க மாப்ள" என்று மச்சான் விரட்டுவான். அதோடு அந்தப் பரோட்டா இருக்கிறதே, அதைத் தின்ன ஒருத்தர் பிடித்துக்கொள்ள வேண்டும், ஒருத்தர் இழுக்க வேண்டும். மலைப்பாதையில் பஸ் நின்றால் டிரைவர் சக்கரம் உருளாமல் அண்டை கொடுக்கக் கல் தேடுவதில்லை. மாடக்கண்ணு கடைப் பரோட்டா ஒன்று எப்போதும் சீட்டுக்கு அடியில் வைத்திருப்பார்.

அன்றைக்கே விசாரணை தொடங்கியது. உடைந்த கட்டை ஒன்றை முக்காலியில் நிறுத்தினார்கள்.

"ஏன் உடைஞ்சே?" என்றான் பலவேசம். கட்டை வாயைத் திறக்கவில்லை.

"அதட்டாதேயும்வே," என்றான் பூதத்தான். "உடைஞ்சு போய் நிக்கி. அதுக்கு மனசு எப்படி இருக்கும்?"

கொம்பையா உள்ளே போய் நல்ல கட்டை ஒன்றைத் தூக்கி வந்தான். "இதைக் கேளும். இதுக்கு உடம்பு நல்லாத்தான் இருக்கு."

"இதுக்கு என்னவே தெரியும்? இதுதான் உடையவே இல்லையே."

மூவரும் யோசித்தார்கள். உடைந்ததற்கு விஷயம் தெரியும், பேசத் தெம்பில்லை. உடையாததற்குத் தெம்பு உண்டு, விஷயம் தெரியாது. கடைசியில், நல்ல கட்டையோடு பேச்சுக் கொடுத்துக்கொண்டே உடைத்துவிட்டால், விஷயம் தெரிந்த கையோடு சொல்லிவிடும் என்று முடிவாயிற்று. பூதத்தான் அதற்கு ஊர் நடப்பெல்லாம் சொல்லிக்கொண்டிருக்க, கொம்பையா பின்னால் வந்து சம்மட்டியால் ஒரு போடு போட்டான். அதுவும் பேச்சை நிறுத்திக்கொண்டது.

மலைக்குப் போய், "கேட்டுப் பாத்தோம்யா. சொல்ல மாட்டேங்கு," என்றான் பலவேசம்.

செக்ரட்டரி தலையில் கைவைத்தார். "அக்கறை இருக்கணும்யா தொழில்ல! பெத்த பிள்ளை மாதிரி பாத்துக்கணும் ஒவ்வொரு கட்டையையும்!"

இது புரிந்தது. புதிதாகப் பத்துக் கட்டை கடைந்து, பத்துக்கும் உச்சி முதல் அடி வரை நல்லெண்ணெய் தேய்த்து ஊற வைத்தார்கள். வெந்நீர் ஊற்றினார்கள். சாம்பிராணிப் புகை போட்டார்கள். கண்ணேறு படாமல் கன்னத்தில் மைப்பொட்டு வைத்து, மறுபடியும் எண்ணெய் தடவித் தொட்டிலில் போட்டார்கள்.

"ஒரே பேறுகாலத்துல பத்து," என்றான் கொம்பையா தொட்டிலை ஆட்டிக்கொண்டே. "தாய் எப்படித்தான் தாங்குச்சோ."

"தாய் யாருவே?"

"மஞ்சக்கடம்பு மரம்."

"அதை நாமதானே வெட்டினோம்?"

பலவேசம் எழுந்து போய்க் கோடாலியைத் தொட்டிலின் கண்ணில் படாமல் சாக்கால் மூடினான்.

கிளப்பில் வெள்ளோட்டம் நடந்தது. செக்ரட்டரி பந்தை உருட்டினார். எண்ணெய் குடித்த கட்டைகள் பந்து தொட்டதுதான் தாமதம், வழுக்கிக்கொண்டு பின்வாசல் வழியாக வெளியேறி, சரிவில் இறங்கி, தேயிலைத் தோட்டத்துக்குள் மறைந்துவிட்டன.

"ஒண்ணுகூட உடையலைங்கய்யா," என்றான் பலவேசம்.

"கட்டை எங்கய்யா?"

"அது வேற கேள்விங்கய்யா."

கொழுந்து பறிக்கிற பெண்கள் மைப்பொட்டு வைத்த ஒன்றைச் செடிக்கடியில் கண்டெடுத்து, எந்த வீட்டுப் பிள்ளையோ என்று எஸ்டேட் பால்வாடியில் சேர்த்துவிட்டதாகக் கேள்வி.

சித்திரை நெருங்கிவிட்டது. கோமதி அண்ணனுக்குச் சொல்லி ஒரு துண்டும் தலைப்பாகையும் எடுத்து வைக்கச் செய்திருந்தாள். பலவேசத்துக்குச் சோறு இறங்கவில்லை. கூட்டாளிகளை அழைத்துக்கொண்டு போய்ப் போலிங் கூடத்தில் உட்கார்ந்து ஆட்டத்தை உற்றுப் பார்த்தான்.

"பந்து மோதுது. கட்டை விழுது. விழுந்ததும் உடையுது," என்றான்.

"அப்போ விழுறதுதான் சீக்கு," என்றான் பூதத்தான்.

"நிக்கிறதெல்லாம் ஒருநாள் விழத்தான்வே செய்யும்," என்றான் கொம்பையா.

பலவேசத்தின் முகம் மலர்ந்தது. "விழுந்து கிடக்கிறது?"

"விழுந்து கிடக்கிறது எங்கவே போய் விழும்?"

மறுநாள் செக்ரட்டரி பந்தோடு கூடத்துக்கு வந்தபோது, புதுக்கட்டை பத்தும் வரிசையாகப் பாயில் படுத்திருந்தன.

"ஏன்யா படுத்திருக்கு?"

"இனிமே விழாதுங்கய்யா."

"நிக்கணும்யா! நட்டுக்குத்தா நிக்கணும்!"

நிற்கத்தானே வேண்டும்? தரையைத் துளைத்து, கட்டையைத் துளைத்து, இரண்டுக்கும் நடுவே இரும்புக் கம்பி இறக்கி, அடியில் முறுக்கி விட்டார்கள். செக்ரட்டரி உருட்டினார். பந்து 'டங்' என்று மோதி, வந்த வழியே வந்த வேகத்தில் திரும்பியது. செக்ரட்டரி மேசை மேல் ஏறிக்கொண்டார்.

"நிக்குதுங்கய்யா," என்றான் பலவேசம் கீழேயிருந்து.

"விழணும்யா!" செக்ரட்டரிக்குத் தொண்டை கட்டிவிட்டது. "விழணும். ஆனா உடையக் கூடாது."

"இதை முதல்லயே சொல்லியிருந்தீங்கன்னா..."

"நாளன்னைக்குப் போட்டி. கட்டைக்கு மேல எதையாவது போர்த்தித் தொலைங்க. இந்தச் சுத்து வட்டாரத்துலயே எது ரொம்பக் கெட்டியோ அதைப் போர்த்துங்க. என் கண்ணு முன்னால நிக்காதீங்க!"

இறங்கி வரும் வழியெல்லாம் வாதம்.

"கருங்கல்லுதான் கெட்டி," என்றான் பூதத்தான்.

"கல்லை உளி உடைக்கும்," என்றான் பலவேசம்.

"அப்போ இரும்பு."

"துரு தின்னுரும்."

கொம்பையா நின்றான். "எங்க மாமனார் மனசு."

மற்ற இருவரும் ஒப்புக்கொண்டார்கள். அதைவிடக் கெட்டி வட்டாரத்தில் கிடையாது. ஆனால் போர்த்துவதற்கு அவர் சம்மதிக்க வேண்டுமே என்பதில் பேச்சு நின்றது.

அப்போது பலவேசத்தின் கடைவாய்ப் பல் சுரீர் என்று வலித்தது. போன வாரம் மச்சான் கடையில் தின்றதிலிருந்து ஆடுகிற பல். நாக்கால் அதைத் தடவிப் பார்த்தான். அப்படியே வழியில் நின்றுவிட்டான்.

எந்தக் கடை வாசலை மிதிக்கக் கூடாது என்று இத்தனை பாடுபட்டானோ, அந்தக் கடைக்குத் தானாகவே நடந்தான்.

"வாங்க மாப்ள!" மாடக்கண்ணு பரோட்டாக் கல்லை விட்டு வந்தான். "மாவு பிசையத்தானே? துண்டு எடுத்து வச்சிட்டேன்."

"பிசைய வரலை மச்சான். பிசைஞ்ச மாவு வேணும். சட்டை போடணும்."

"யாருக்கு?"

"கட்டைக்கு."

மாடக்கண்ணுவும் மொண்ணைக்குளத்தில் பிறந்தவன்தான். "அளவு கொண்டாந்திருக்கியளா?" என்று மட்டும் கேட்டான்.

மாவை வீசி, விசிறி, துணி போல ஆக்கி, ஒவ்வொரு கட்டையையும் சுற்றினார்கள். ஒரு சுற்றுக்கு மேல் ஒரு சுற்று. பிறகு எண்ணெய் விட்ட கல்லில் உருட்டி உருட்டிச் சுட்டார்கள். பத்தும் பொன்னிறமாக, அடுக்கடுக்காக, கொத்தினால் கொத்துகிறவன் கைதான் வலிக்கும் என்ற பதத்தில் இறங்கின.

சித்திரை ஒண்ணாம் தேதி. கிளப் நிறைந்திருந்தது. பக்கத்து எஸ்டேட் கேப்டன் பந்தை உருட்டினார். பலவேசம் ஒரு கண்ணை மூடிக்கொண்டான். மூடாத கண்ணுக்குள் மச்சான் கடைத் தலைப்பாகை தெரிந்தது.

தொப்.

பத்தும் விழுந்தன. ஒன்றும் உடையவில்லை. மறுபடியும் நிறுத்தினார்கள், மறுபடியும் உருட்டினார்கள். பந்துதான் ஒரு பக்கம் சப்பையானது. ஆட்டம் முடிகிற வரைக்கும் கட்டையில் ஒரு கீறல் இல்லை. செக்ரட்டரி பலவேசத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். பக்கத்து எஸ்டேட் கேப்டன் தன் கையை முகர்ந்து பார்த்துவிட்டு, சால்னா உண்டா என்று மட்டும் விசாரித்தார்.

பெங்களூருக்கு ஆள் போகவில்லை. வேலை பட்டறையிலேயே நிலைத்தது. என்ன, கிளப் நாயும் மலைக்காக்கையும் சும்மா இருப்பதில்லை என்பதால் கட்டைகளுக்கு வாராவாரம் புதுச்சட்டை வேண்டும். விஷயம் கேள்விப்பட்டு மற்ற எஸ்டேட் கிளப்புகளும் கட்டைகளை அனுப்பத் தொடங்கின.

கோமதி பட்டறைக்கு வந்து பார்த்தாள். பலவேசம் முழங்கை வரைக்கும் மைதா, மீசையெல்லாம் வெள்ளையாக, மலை மாதிரி குவித்த மாவை முட்டிபோட்டுப் பிசைந்துகொண்டிருந்தான்.

"என்ன செய்யுதிய?"

"பாத்தியா?" என்றான் பலவேசம், மூச்சு வாங்க. "உங்க அண்ணன் கடைக்கு மாவு பிசையப் போக மாட்டேன்னு சொன்னேனா இல்லையா?"

அவள் பதில் சொல்வதற்குள் மாடக்கண்ணு ஓடி வந்தான். "மாப்ள, இருந்த மாவெல்லாம் கட்டைக்குப் போயிருச்சு. கடையில ஆள் உட்கார்ந்திருக்கு. இலையில போட ஒரு பரோட்டா இல்ல. மானம் போகுது மாப்ள!"

ஆபத்துக்கு உதவிய மச்சானைக் கைவிடலாமா? பலவேசம் கூட்டாளிகளைப் பார்த்தான். பூதத்தான் பட்டறைச் சக்கரத்தைச் சுழற்றினான். கொம்பையா உளியை எடுத்தான். மஞ்சக்கடம்பில் வட்ட வட்டமாக, மேலே அடுக்குச் சுழி போட்டுக் கடைந்து, ஒரு கூடை நிறைய அனுப்பி வைத்தார்கள்.

சாயங்காலம் மாடக்கண்ணு மறுபடியும் வந்தான். முகம் தொங்கியிருந்தது.

"என்ன மச்சான், கண்டுபிடிச்சிட்டாங்களா?"

"எல்லாரும் நல்லாத்தான் சாப்பிட்டாங்க மாப்ள. ஒரே ஒருத்தர்தான் குறை சொன்னாரு."

"யாரு?"

"பஸ் டிரைவரு."

"என்னவாம்?"

"இன்னைக்கு ரொம்ப மெத்துனு இருக்காம். சக்கரத்துக்குத் தாங்காதாம்."