சிவப்பு விளக்குக்குப் பிளாஸ்திரி

சிரிக்கப் போகிறீர்கள், அதற்கு நான் பொறுப்பு. ஆனால் இப்போதே பல்லைக் காட்டாதீர்கள். முதலில் ஒரு பெட்டியைப் பார்த்தாக வேண்டும். பெட்டியில் சிரிக்க ஒன்றுமில்லை.

மிக்கேல்ராஜின் ஐஸ் கம்பெனிச் சுவரில் இருந்த அந்தப் பெட்டிக்கு ரிலே என்று பெயர். மெஷினுக்கு ஆபத்து என்றால் தானே கரண்டை வெட்டிவிட்டு, ஏன் வெட்டினேன் என்று விளக்கு போட்டுக் காட்டும். அதற்குக் காவல் அவருடைய மூன்று மருமகன்கள்: சிலுவை, கஸ்பார், லூர்து. வேறெங்கும் இவர்களை வேலைக்கு வைப்பாரில்லை.

பொறுங்கள், இன்னும் இல்லை.

எலெக்ட்ரீஷியன் வேதமணி ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பும்முன் தொண்டையைச் செருமிச் செருமிப் பாடம் எடுத்தார். "மஞ்சள் எரிஞ்சா மோட்டார் சூடாயிருக்கு. ஆறவிட்டு, அது பக்கத்துப் பட்டனை அமுக்கி, சுவிட்சைப் போடுங்க. சிவப்பு எரிஞ்சா வயர்ல கோளாறு. நான் வராம எதையும் தொடாதீங்க. ரெண்டும் எரியலன்னா வெளியிலதான் கரண்ட் இல்ல. பேசாம உக்காருங்க, தானா வரும்."

முதலில் மஞ்சள் எரிந்தது. ஆறவிட்டுக் கஸ்பார் பட்டனை அமுக்கினார். சிலுவை சுவிட்சைப் போட, மெஷின் ஓடியது. கஸ்பார் மட்டும் விரலை எடுக்கவில்லை. அமுக்கத்தான் சொன்னார்களாம், எடுக்கச் சொல்லவில்லையாம். மத்தியானச் சோற்றை லூர்துதான் முள் எடுத்து ஊட்டிவிட்டார்.

கடைசிக் கவளத்தில் மெஷின் மறுபடி நின்றது. சிவப்பு.

சாயங்காலம் கடலுக்குப் போகும் படகுகளுக்கு ஐஸ் தருவதாக மாமனார் வாக்குக் கொடுத்திருந்தார். தவறினால் படகுக்காரர்கள் ஒட்டுமொத்தமாக அடுத்த தெருக் கம்பெனிக்குப் போய்விடுவார்கள். வேதமணி போனை எடுக்கவில்லை. ஐஸ் சொட்ட ஆரம்பித்தது.

சகலைகள் கூடி யோசித்தார்கள்.

"சிவப்பு எரிஞ்சா வேதமணி வரணும். அவரு வரமாட்டாரு," என்றார் சிலுவை.

"ரெண்டும் எரியலன்னா கரண்டே வரும்," என்றார் கஸ்பார்.

லூர்து பெட்டியை முறைத்தார். "அப்ப இந்தச் சிவப்புதான் சகலை, கரண்டை வரவிடாம நிக்குது."

தலைவலிக்காக நெற்றியில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியை உரித்துச் சிவப்பின்மேல் ஒட்டினார். இப்போது ரெண்டும் எரியவில்லை. சொன்னபடி பேசாமல் காத்திருந்தார்கள்.

மாமனார் தண்ணீரில் சளக் சளக்கென்று நடந்து வந்தார். பிளாஸ்திரியைப் பார்த்தார். ஏதோ ரிப்பேர் செய்திருக்கிறார்கள் என்று கொஞ்சம் நிம்மதியும் அடைந்தார். வெளியிலேயே கரண்ட் இல்லை, வந்துவிடும் என்றார்கள் மருமகன்கள்.

"எதிர்த்த டீக்கடையில ஃபேன் ஓடுதே?"

சிலுவை இரக்கத்தோடு சொன்னார்: "அவன்கிட்ட இந்தப் பெட்டி இல்லையே மாமா. கரண்ட் போனது அவனுக்கு எப்படித் தெரியும்?"

மாமனாருக்கு அது நியாயமாகவே பட்டது. மூன்று பெண்களையும் இவர்களுக்கே கொடுத்தவர் அல்லவா? பாவம், விஷயத்தை யாராவது பக்குவமாகச் சொல்ல வேண்டுமே என்று ரோட்டைக் கடந்து போனார்.

"மனசைத் திடப்படுத்திக்கோப்பா. கரண்ட் போயிட்டு."

சத்தத்தில் காதில் விழவில்லை என்று கடைக்காரர் கிரைண்டரை நிறுத்தினார். ஐயா என்ன சொன்னீர்கள் என்று கேட்டார்.

மாமனார் வாயைத் திறந்தார். நின்றுபோன கிரைண்டரைப் பார்த்தார். அண்ணாந்து ஃபேனைப் பார்த்தார். பிறகு தன் கம்பெனிப் பக்கம் திரும்பி, மெல்லக் குனிந்து ஒரு செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார்.