ரொட்டி மெஷினும் இரட்டை விசிலும்

முதலில் தப்பு செய்தது சூசைதான். கண்டக்டர் சூசை. வேதமணி யாரிடம் எதைப் பேச ஆரம்பித்தாலும் கடைசியில் இங்கேதான் வந்து நிற்பார். அதனால் கதையும் இங்கிருந்தே கிளம்பட்டும்.

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் மலைப்பாதையில் ஓடிய ஒரு தனியார் பஸ்ஸில் வேதமணி டிரைவர், சூசை கண்டக்டர். ஒரு விசில் என்றால் நிற்க வேண்டும். இரண்டு விசில் என்றால் கிளம்ப வேண்டும். பின்வாசலில் யார் ஏறுகிறார், யார் இறங்குகிறார் என்பது டிரைவருக்குத் தெரியாது. விசிலை நம்பித்தான் பிரேக்கிலிருந்து காலை எடுப்பான். அன்றைக்குப் பன்னிரண்டாவது வளைவில் சூசை இரண்டு விசில் அடித்தான். வேதமணி கிளம்பினார். ஒரு கிழவியின் கால் அப்போதுதான் படியைவிட்டுத் தரைக்குப் போய்க்கொண்டிருந்தது. இடுப்பெலும்பு முறிந்துபோனது.

முதலாளி இரண்டு பேரையும் நிறுத்தி வைத்து விசாரித்தார். நான் விசிலே அடிக்கவில்லை, இவராகத்தான் வண்டியை எடுத்தார் என்றான் சூசை. பஸ் நிறைய ஆள் இருந்தும் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. மறுநாள் மலைப்பாதை வேதமணியின் கையைவிட்டுப் போய்விட்டது. சந்தைக்கும் ஸ்டேஷனுக்கும் நடுவே மூன்று கிலோமீட்டர் ஓடுகிற வண்டியைக் கொடுத்தார்கள். மிச்சக் காலமெல்லாம் வளைவே இல்லாத சாலையில் ஓட்டி ஓய்வு பெற்றார். அது என்ன வேதனை என்று மலையில் ஓட்டினவனுக்குத்தான் தெரியும்.

சூசை அடுத்த தெருவில்தான் இருந்தான். எதிரே வந்தால் தலையை ஆட்டுவான். 'நான்தான் அடிச்சேன்' என்ற சொல்லை மட்டும் அவன் சொன்னதில்லை. அந்த ஒரு சொல்தான் வேதமணிக்கு வர வேண்டியது.

பிலோமினாவிடம் அவர் போனது ரொட்டிக்காக.

மஸ்கட்டில் இருக்கிற மகள் போன லீவில் ஒரு ரொட்டி மெஷினை வைத்துவிட்டுப் போயிருந்தாள். மாவு, தண்ணீர், உப்பு, ஈஸ்ட் எல்லாம் போட்டு ஒரு பொத்தானை அழுத்தினால் போதும், அதுவே பிசைந்து, பொங்க வைத்து, சுட்டும் கொடுத்துவிடும் என்று சொன்னாள். வேதமணிக்கு அது செங்கல்லைத்தான் கொடுத்தது. காலையில் போட்டால் சாயங்காலம் ஆகும், அதற்குப் பிறகும் செங்கல். காற்றில் அடித்துக்கொள்ளும் கொல்லைக் கதவுக்கு முட்டுக் கொடுக்க ஒன்றை எடுத்துக்கொண்டதாகச் சொல்லி, ஜன்னலுக்கு இன்னொன்று சுட்டுத் தர முடியுமா என்று அவர் மனைவி திரேசம்மா கேட்டாள்.

வேறு நாளாக இருந்தால் அவரும் சிரித்திருப்பார். ஆனால் சூசை ஊரைவிட்டுப் போகிறான். திங்கட்கிழமை காலையில் சேலத்துக்கு, மகன் வீட்டோடு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்து சொல்லிக்கொண்டு போகிறேன் என்று ஆள் அனுப்பியிருந்தான். வெறும் டீ என்றால் பத்து நிமிஷத்தில் எழுந்துவிடுவான். சூடான ரொட்டி என்றால் உயிரை விடுவான், அந்தக் காலத்திலிருந்தே. உட்கார்ந்தால் தின்பான், தின்றால் மனசு இளகும், இளகினால் அந்தச் சொல் வாயில் வரும். அன்றைக்கு வரவில்லை என்றால் இனி எப்போதும் வராது.

வியாழக்கிழமை மெஷினைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பிலோமினா வீட்டுக்குப் போனார்.

பிலோமினா கையால் ரொட்டி செய்பவர். அவர் அடுக்களைக்கு நாலைந்து பேர் கற்றுக்கொள்ள வருவார்கள். முதலில் மாவைப் பற்றிக் கேட்பார்கள், கொஞ்ச நாள் போனால் மற்றதையும் கேட்பார்கள். பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்ததே இல்லை என்றாலும் ஊருக்கே அவர் டீச்சர்தான். வேதமணியின் மகளைவிட இரண்டு வயது சின்னவர்.

"மெஷின் ரிப்பேர், டீச்சர். நீங்களே பாருங்க" என்றார் வேதமணி.

"என் கண்ணு முன்னால ஒரு தடவை போடுங்க, ஐயா."

போட்டார். மெஷின் கடகடவென்று பிசைய ஆரம்பித்தது. பிலோமினா ஒரு ஓரமாக உட்கார்ந்து தன் மாவைக் கையால் பிசைந்தார். வேதமணி உட்காரவில்லை. ஜன்னலுக்குப் போனார், வந்தார், மெஷினின் கண்ணாடி மூடியில் முகத்தை வைத்துப் பார்த்தார், மறுபடி ஜன்னலுக்குப் போனார். சும்மா இருக்க முடியாமல் சூசையின் கதையைச் சொல்லத் தொடங்கினார். விசில், வளைவு, கிழவி. முதலாளியின் அறை வரைக்கும் வந்துவிட்டார். அப்போது மெஷின் கத்தியது. பீப் பீப். பீப் பீப்.

வேதமணி ஒரே தாவலில் போய்ப் பொத்தானை அழுத்தினார். மெஷின் நின்றது. மறுபடி அழுத்தினார். மறுபடியும் முதலிலிருந்து பிசைய ஆரம்பித்தது.

பிலோமினா பார்த்துக்கொண்டிருந்தார்.

"எதுல விட்டேன்?" என்றார் வேதமணி.

"முதலாளி ரூமுல."

"இல்ல, முதல்ல இருந்து சொன்னாத்தான் உங்களுக்குப் புரியும். முதல்ல தப்பு பண்ணது சூசைதான்…"

விசில், வளைவு, கிழவி. இந்தத் தடவை மூன்று கிலோமீட்டர் வண்டி வரைக்கும் வந்தார். பீப் பீப். ஓடிப்போய் அழுத்தினார். மெஷின் முதலிலிருந்து பிசைந்தது. அவரும் முதலிலிருந்து சொன்னார்.

மூன்றாவது தடவை அவர் ஓடப்போனபோது பிலோமினா மாவு ஒட்டிய கையைத் தூக்கினார்.

"ஏன் அழுத்துறீங்க?"

வேதமணிக்குக் கேள்வியே புரியவில்லை. "ரெண்டு விசில் அடிக்குதே, டீச்சர். ரெண்டு அடிச்சா எடுக்கணும். முப்பத்தொரு வருஷம் ஓட்டியிருக்கேன். விசில் இல்லாம எடுத்ததும் இல்ல, அடிச்ச பிறகு நின்னதும் இல்ல. அந்தக் கிழவி விஷயத்துலகூட…"

பிலோமினா மெஷினோடு வந்த சின்னப் புத்தகத்தை வாங்கிப் புரட்டினார். இங்கிலீஷில் இருந்ததால் வேதமணி அதைத் திறந்ததே இல்லை. ஒரு பக்கத்தில் விரலை வைத்தார்.

"திராட்சை, முந்திரி போட நினைக்கிறவங்களுக்கு, இப்ப போடலாம்னு சொல்ற சத்தம் இது. உங்க கையில திராட்சை இருக்கா?"

வேதமணி தன் இரண்டு கையையும் பார்த்தார். "இல்ல."

"அப்ப உங்களைக் கூப்பிடல. அது பாட்டுக்கு மாவைப் பொங்க வைக்கும், சுடும். ஞாயித்துக்கிழமை ஒரு தடவை அழுத்துங்க. ஒரே தடவை."

ஞாயிற்றுக்கிழமை ஒரு மணிக்குச் சூசை வந்தான். மெலிந்திருந்தான். கையில் குச்சி. அவனை நாற்காலியில் உட்கார வைத்த பிறகுதான் வேதமணி மெஷினை அழுத்தினார். எல்லாம் கணக்குத்தான். ரொட்டி வரும்வரை ஆள் எழுந்திருக்க முடியாது.

"எவ்வளவு நேரம் ஆகும்?" என்று சூசை கேட்டான்.

"மூணு மணி நேரம்."

"அதுக்குள்ள ஒரு டிரிப் மலையிலயே போயிட்டு வந்துரலாமே, டிரைவரே."

வேதமணி சிரிக்கவில்லை. உள்ளே மெஷின் பிசையும் சத்தம் மட்டும் கேட்டது. சூசை மகன் வீட்டைப் பற்றிச் சொன்னான், மாடியில் அறை என்றான், முட்டிவலிக்கு என்னவோ எண்ணெய் என்றான். வேதமணி அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். எந்தப் பேச்சுக்குப் பின்னால் அது வரும் என்று ஒவ்வொரு பேச்சின் முடிவிலும் காத்தார். நாற்காலி முள்ளாகக் குத்தியது.

பீப் பீப். பீப் பீப்.

வேதமணியின் வலது கால் தானாகத் தூக்கிக்கொண்டது. முட்டியை இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்துக்கொண்டார்.

சூசை சத்தம் வந்த பக்கம் பார்த்தான். பழைய நாள் குறும்பு முகத்தில் வந்தது. "என்ன டிரைவரே, ரெண்டு விசில் கேக்குது. கிளம்பலையா?"

சொன்ன பிறகுதான் சொன்னது என்ன என்று அவனுக்கே உறைத்தது. சிரிப்பு அப்படியே பாதியில் நின்றது. குச்சியின் முனையைப் பார்த்தான். வாயைத் திறந்தான். அடுக்களை வாசலில் திரேசம்மா கரண்டியோடு அப்படியே நின்றாள்.

"சேலத்துல வெயில் ஜாஸ்தியாம்" என்றான் சூசை.

நாலு மணிக்கு ரொட்டி வந்தது. மேலே சிவந்து, உள்ளே பஞ்சாக வந்திருந்தது. அந்த வீட்டில் அப்படி ஒரு ரொட்டி வந்தது அதுதான் முதல் தடவை. சூசை மூன்று துண்டு தின்றான். வாசலில் வேதமணியின் கையைப் பிடித்தவன் கொஞ்ச நேரம் விடவே இல்லை. பிறகு விட்டுவிட்டு, ரொட்டி பிரமாதம் என்று சொல்லிவிட்டுப் போனான்.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு வேதமணி மெஷினைத் தூக்கிக்கொண்டு பிலோமினா வீட்டுக்கு வந்தார். மேஜைமேல் டொம்மென்று வைத்தார்.

"இது எனக்கு வேண்டாம். நீங்களே வச்சுக்கோங்க."

"ரொட்டி வரலையா?"

"ரொட்டி வந்தது. அவன்கிட்டேருந்து வரல. சேலத்துக்குப் போயிட்டான்."

பிலோமினா மாவை அளந்து மெஷினில் போட்டார். தண்ணீர் ஊற்றினார். உப்பு, ஈஸ்ட். பொத்தானை ஒரு தடவை அழுத்திவிட்டு ஸ்டூலை வேதமணி பக்கம் நகர்த்தினார். அவர் உட்காரவில்லை. நேற்று நடந்ததை எல்லாம் நின்றுகொண்டே சொன்னார். சூசை வாயைத் திறந்ததையும் சொன்னார், வெயிலையும் சொன்னார். சொல்லி முடித்துவிட்டு ஜன்னலுக்குப் போனார், வந்தார்.

"அவன் எனக்கு ஒரு சொல் தரணும், டீச்சர்."

"தரணும்."

"தரல."

"தரல."

"இருபத்திரண்டு வருஷம். நான் இனிமே என்ன பண்ணணும்? சேலத்துக்கே போய்க் கேக்கவா? சாயங்காலம் ஒரு பஸ் இருக்கு. என்ன நடந்துச்சுன்னு முதல்ல இருந்து அவன் மகனுக்கும் சொல்றேன். முதல்ல தப்பு பண்ணது…"

பீப் பீப். பீப் பீப்.

வேதமணி திரும்பினார். விரல் பொத்தானுக்கு மேலே போய்விட்டது.

"ஐயா" என்றார் பிலோமினா. "திராட்சை யார் கையில இருக்கு?"

விரல் அங்கேயே நின்றது. மெஷின் இன்னும் இரண்டு தடவை கத்திவிட்டு அடங்கியது. வேதமணி விரலை மெல்ல எடுத்துக்கொண்டார்.

"சூசை கையில" என்றார்.

"அப்ப உங்களைக் கூப்பிடல. நீங்க உட்காருங்க."