கிழியாத பாம்புச் சட்டை

ஆறுகள் ஊராரோடு பேசிக்கொண்டிருந்த முன்னொரு காலத்தில், கருங்காணி நாட்டை வீரகண்டன் என்ற மாயக்கார மன்னன் ஆண்டான். அவன் செய்த கொடுமைகளை வரிசை மாறாமல் கேளுங்கள். முதலில், ஆற்றைச் சுற்றி மாய முள்வேலி போட்டான். அடுத்து, ஏனென்று கேட்க ஊர் கூடிய மன்றத்தைப் பூட்டினான். மூன்றாவதாக, பூட்டிய வாசலில் நின்று கேட்ட செம்பாயியைக் காணாமல் ஆக்கினான். "ஓடிப்போய்விட்டாள்" என்று முரசறையச் சொன்னான்.

அதே வாரம் அவன் கழுத்தில் ஒரு மலைப்பாம்பு ஏறியது. முறையிட வருகிறவர்கள் அதைத் தொட்டுவிட்டுத்தான் வாய் திறக்க வேண்டும். பலர் திறக்கவே இல்லை.

பாம்பைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குச் சேர்ந்தவள் மருதாயி, செம்பாயியின் தங்கை. அக்காவைத் தேடத்தான் அரண்மனைக்குள் நுழைந்தாள்.

"வாரத்துக்கு ஒண்ணு ரெண்டு தடவை தூக்குனா போதுங்க மன்னா. இரை எடுத்தா ரெண்டு நாள் விட்டுடணும். கண்ணு பாலாட்டம் வெளுத்தா, சட்டை உரிக்கிற வரைக்கும் தொடவே கூடாது."

"என் பாம்பு, என் கழுத்து. உனக்கென்ன?" என்றான் மன்னன்.

கண் வெளுத்தது. மன்னன் தூக்கினான். சட்டை கந்தலாகக் கிழிந்தது. மறுபடி வெளுத்தது. மறுபடி தூக்கினான். மறுபடி கந்தல். அதைப் பெருக்கி அள்ளும்போது ஒரு துண்டில் 'செம்' என்று எழுத்து தெரிந்தது. மருதாயிக்கு எல்லாம் விளங்கியது. மன்னன் தினமும் அதைத் தூக்கிக் கொஞ்சியது பாசத்தால் அல்ல. உள்ளே இருக்கும் பெயர் முழுசாக வெளியே வரக் கூடாது என்றுதான்.

மூன்றாம் முறை கண் வெளுத்தது.

"இப்ப அதுக்குக் கண்ணு தெரியாதுங்க. உங்க கையை எலின்னு நெனச்சுக்கும்," என்றாள் சபை கேட்க.

"என் கையையா?" வீம்புக்கு நீட்டினான். பாம்பு கவ்வியது. காவலர்கள் சேர்ந்து இழுத்துப் பிரித்தார்கள். வீங்கிய கையோடு மன்னன் அந்தப்புரத்தில் படுத்துக்கொண்டான். பாம்பை யாரும் தொடவில்லை.

மூக்கிலிருந்து வால்வரை ஒரே சட்டையாக உரிந்தது. மருதாயி அதைச் சபை நடுவே விரித்தாள். சேதி கேட்டு மன்னன் ஓடிவந்தான்.

"அவளைப் பிடியுங்கள். அதை நெருப்பில் போடுங்கள்."

காவலன் ஒருவன் எழுத்தைப் பார்த்தான். ஈட்டியைத் தாழ்த்தினான். "நீ வாசி தாயி," என்றான்.

"எல்லாரும் சாட்சி," என்றாள் மருதாயி.

"செம்." ஆற்றுப் பக்கம் வேலி முறிந்தது.

"பா." மன்றத்துப் பூட்டு தெறித்து விழுந்தது.

"யி." பாம்பின் சுருள் அவிழ்ந்து ஒரு பெண் எழுந்து நின்றாள். மன்னன் மந்திரம் சொல்ல வாயெடுத்தான். வெறும் காற்றுதான் வந்தது.

மருதாயி அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, கடைசி வரிசைக்கும் கேட்கும்படி, பெயரை முழுசாக வாசித்தாள்:

"செம்பாயி."