வீட்டில் மட்டும் மக்கர் பண்ணும் கார்

ஜெசிந்தா மேஸ்திரிக்கு நாற்பது வயது. அவளிடம் மெக்கானிக் வேலை கற்க வந்த சீடர் அங்கமுத்துவுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. தேயிலை ஃபேக்டரியை மூடிவிட்டார்கள், மனுஷன் வேறென்ன செய்வார்? கோத்தகிரியில் இதைப் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு. சிரித்துவிட்டுப் போகட்டும். அவர் அவளை மேஸ்திரி என்பார், அவள் அவரை அண்ணா என்பாள். வேலை நடந்தது.

அவரைத் தூங்கவிடாமல் செய்தது ஒரே ஒரு கார்தான். நஞ்சுண்டன் சாருடைய பழைய வெள்ளைக் கார். காலையில் வீட்டில் ஸ்டார்ட் ஆகாமல் உயிரை வாங்கும். எப்படியோ கிளம்பிப் பட்டறைக்கு வந்துவிட்டால் போதும், சாவியைத் தொட்டதுமே சமர்த்தாக ஓடும். அங்கமுத்து பிளக்கை மாற்றினார். பேட்டரியை மாற்றினார். காயிலை மாற்றினார். மறுநாள் காலை பழைய கதைதான்.

சாரின் மனைவி லலிதாம்மாவுக்கு வாரம் இரண்டு முறை டயாலிசிஸ். மலையிறங்கி மேட்டுப்பாளையம் போக வேண்டும். போன வாரம் கார் கிளம்பவே நேரமாகி, அவருடைய முறை தப்பிப்போனது. முகமெல்லாம் வீங்கி அந்தம்மா திரும்பி வந்ததை அங்கமுத்து பார்த்தார். அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை.

“எனக்கு இந்தத் தொழில் வராதுங்க மேஸ்திரி. நான் நின்னுக்கறேன்.”

“நாளைக்கு அவங்க ஆஸ்பத்திரி போற நாள். விடியறப்ப வீட்டுக்கே போயிப் பாக்கலாம். அப்புறம் நின்னுக்கங்க.”

மறுநாள் அவர் டூல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

“பெட்டி வேண்டாங்ண்ணா.”

“வெறுங்கையோட போயி என்னத்தப் பண்றது?”

“ஸ்பேனர் இருந்தா கை சும்மா இருக்காது. எதையாவது கழட்டும்.”

விடிந்தும் விடியாத நேரம். மூடுபனியில் தேயிலைத் தோட்டங்களே காணாமல் போயிருந்தன. சில்வர் ஓக் மரங்களின் உச்சி மட்டும் அந்தரத்தில் மிதந்தது. காலடிச் சத்தம்கூடக் கேட்கவில்லை. யாரோ கனவுக்குள் கூட்டிப்போவதுபோல இருந்தது அங்கமுத்துவுக்கு.

சார் வீட்டு வாசலில் நின்ற காரில் லலிதாம்மா ஏற்கெனவே பின்சீட்டில் சால்வை போர்த்தி உட்கார்ந்திருந்தார். அங்கமுத்து அவர் பக்கத்தில் ஒடுங்கிக்கொண்டார். ஜெசிந்தா முன்னால் ஏறினாள்.

“எப்பவும்போல ஸ்டார்ட் பண்ணுங்க சார். நாங்க இல்லைன்னு நெனச்சுக்கங்க.”

நஞ்சுண்டன் சார் சோக்கை இழுத்தார். பிறகு ஆக்சிலேட்டரை மிதித்தார். மறுபடி மிதித்தார். மறுபடியும். பயந்த மனுஷனின் மிதி அது. அப்புறம்தான் சாவியைத் திருப்பினார். கார் இரண்டு தரம் இருமிவிட்டு அடங்கியது. பெட்ரோல் வாடை குப்பென்று பரவியது.

“பாத்தீங்களா?” என்றார். கால் மறுபடி ஆக்சிலேட்டருக்குப் போனது.

ஜெசிந்தா சாவியை உருவிக்கொண்டாள். சோக்கை உள்ளே தள்ளினாள்.

“கொஞ்ச நேரம் சும்மா இருக்கலாம் சார்.”

“நேரமாகுதும்மா.”

“ஆகட்டும்.”

நாலு பேரும் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். மூச்சு படிந்து கண்ணாடிகள் வெளுத்தன. வெளியே ஊர் இருந்ததா இல்லையா என்றே தெரியவில்லை. இறங்கிப் பானெட்டைத் திறக்க வேண்டுமென்று அங்கமுத்துவின் கை பரபரத்தது. அவர் அடக்கிக்கொண்டார்.

“இவரு இப்படிப் பதறாம உக்காந்து எத்தனை நாளாச்சு,” என்றார் லலிதாம்மா, யாரிடமோ போல.

பெட்ரோல் வாடை மெல்லப் போய்விட்டது. ஜெசிந்தா சாவியைத் திருப்பிக் கொடுத்தாள்.

“மிதிக்காம சாவிய மட்டும் திருப்புங்க.”

“மிதிக்காமலா?”

“மிதிக்காம.”

கார் உடனே பிடித்துக்கொண்டது. லலிதாம்மா சால்வை நுனியால் கண்ணைத் துடைத்தார்.

“எதுக்கு சார் அவ்வளவு மிதிக்கறீங்க?” என்று கேட்டாள் ஜெசிந்தா.

“அங்கமுத்துதானே சொன்னாரு. சோக் வேலை செய்யலை, ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி நல்லா மிதிச்சுக்கங்கன்னு. கிளம்பலைன்னா பயத்துல இன்னும் ரெண்டு மிதி சேத்துக்குவேன்.”

அங்கமுத்து அப்படிச் சொன்னது உண்மைதான். மழைக்காலத்தில் சோக் கேபிள் அறுந்துபோயிருந்தது. புதுசு வரும்வரை சமாளிக்கச் சொன்ன வழி அது. கேபிள் வந்தது, அவரே மாட்டினார். குளிர்ந்த எஞ்சின் கிளம்ப, சோக்கை இழுத்தாலே வேண்டிய பெட்ரோல் வந்துவிடும். அதற்குமேல் மிதித்தால் எஞ்சின் பெட்ரோலில் முங்கிப்போகும். இது அவருக்குத் தெரியாததல்ல.

“இனிமே சோக் மட்டும் போதும் சார். மிதிக்காதீங்க,” என்றாள் ஜெசிந்தா.

இருவரும் இறங்கிக்கொண்டார்கள். கார் பனிக்குள் போய் மறைந்தது. சத்தம் மட்டும் வளைவு வளைவாகக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. அது கேட்காமல் போனதும் அங்கமுத்து ஜெசிந்தா பக்கம் திரும்பினார்.

“பிளக்கு, பேட்டரி, காயிலு... எதுலயுமே கோளாறு இல்லீங்களா மேஸ்திரி?”

“இல்லைங்ண்ணா.”

“அப்ப கோளாறு எப்பத்தான் போச்சு?”

“நீங்க கேபிள் மாட்டுன அன்னிக்கே போயிருச்சு. போனத அவருகிட்ட யாரும் சொல்லலை.”